வளர்ற பிள்ளைக்கு அளவு

செவல்குளம் மில் லைனில் பள்ளிச் சீருடையைப் பிள்ளையின் உடம்புக்கு அளவெடுத்து வாங்கிய வீடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மே மாதக் கடைசியில், வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கும்போது, தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லையா அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குப் போவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறவனுக்கு நாலாம் வகுப்புக்காரனின் டவுசரும், ஆறாம் வகுப்புக்குப் போகிறவளுக்கு ஒன்பதாம் வகுப்புக்காரியின் பாவாடையும் எடுத்து, "வளர்ற பிள்ளை அண்ணாச்சி, பெரிசாவே குடுங்க" என்பார்கள். அண்ணாச்சியும் வாசலில் மெஷின் போட்டிருக்கும் தையல்காரரைக் கூப்பிட்டு, அடியில் ஒரு சாண் உள்ளே மடித்து அடித்துக் கொடுக்கச் சொல்வார். அந்த மடிப்பை வருசத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிட்டுப் பிரித்துவிட்டு, துணி நைந்து கண்ணாடி போலாகும்வரை பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள். ஷூவும் அப்படித்தான். பெரிதாக வாங்கி, மில்லில் கீழே விழுகிற கழிவுப் பஞ்சை நுனியில் அடைத்து, கால் வளர வளரப் பஞ்சை எடுத்துவிடுவார்கள்.

நான் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை என் ஷூவில் பஞ்சு இருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்ததில்லை, எல்லோருடைய ஷூவிலும் இருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால், ஜூன் மாதம் பள்ளி திறந்த காலையில், புதுச் சீருடை போட்ட பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சீருடையின் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தது என் தம்பி நவநீதனிடம் மட்டும்தான், ஆகவே அதை மட்டும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டியவன், கண்ணாடிக்கு முன்னால் நின்று பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். தொளதொளவென்று கிடந்த சட்டையின் தோள் மெதுவாக நிரம்பியது. பேண்டின் மடிப்பில் தையல் ஒவ்வொன்றாக விட்டு, மடிப்பு தானாகக் கீழே இறங்கியது. ஷூவின் நுனியிலிருந்த பஞ்சு நசுங்கிக் குதிகால் பக்கமாக வெளியே வந்தது. அவன் மூக்குக்குக் கீழே மீசை அரும்பியிருந்தது. "அக்கா, சோத்தைப் போடு, பசிக்குது" என்றான், குரல் உடைந்திருந்தது. அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லவேளை, துணி வீணாகல" என்றாள்.

ஊரில் யாரும் பெரிதாக அலறவில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில் விளையாட்டு ஆசிரியர் வரிசையை உயரப்படி திரும்ப நிறுத்தினார், அதற்கே முதல் பாடவேளை போய்விட்டது. பக்கத்து வீட்டு முகிலன் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எட்டு வயசுப் பையனின் குரலில், ஐந்து வயசுப் பையன் அழுவதுபோல அம்மாவைக் கேட்டு அழுதான். சுகாதார நிலையத்து டாக்டர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாரியம்மன் கோயில் பூசாரி, இது ஆத்தா செய்ததும் இல்லை, ஆத்தாவால் மாற்றக்கூடியதும் இல்லை என்று சொல்லி, பொங்கலுக்கு மட்டும் நாள் குறித்தார். தாய்மார்களுக்கு ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது. குழாயடியில் முகிலனின் அம்மா, "மூணு வருசம் ஓட்டலாம்னு எடுத்தேன், ஒரே காலையில தீத்துப்புட்டானே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அன்றைக்குப் புதுக் காக்கி போட்டு வந்த மில் வாட்ச்மேனுக்கு ஒன்றும் ஆகவில்லை, புதுச் சேலை கட்டி வந்த டீச்சருக்கும் ஆகவில்லை. வளர்ந்து முடிந்த உடம்புக்கு இனி என்ன வளர்ச்சி என்று அதைப் பற்றிப் பிறகு யாரும் யோசிக்கவில்லை.

என் தங்கை குயிலி மட்டும் அந்த வருசம் தப்பினாள். நாலாம் வகுப்புக்குப் போக வேண்டியவளுக்குப் பள்ளி திறக்கிற அன்றைக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, கன்னம் உப்பி, வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தாள். மறு வாரம் சீருடையைப் போட்டபோது அது சாக்கு மாதிரி தொங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் ஊர் இதன் சட்டங்களைத் தெரிந்துகொண்டது. பள்ளி திறக்கிற காலை மட்டும்தான் கணக்கு, புதுத் துணிக்கு மட்டும்தான் கணக்கு, வளர்ந்தவர் திரும்பச் சிறுக்க முடியாது. வங்கிக்காரர் வீட்டு அம்மா அடுத்த வருசம் தன் பையனுக்குச் சின்னச் சட்டை போட்டுப் பார்த்தார் என்றும், பட்டன் தெறித்ததுதான் மிச்சம் என்றும் சொன்னார்கள். வளர்வது உடம்பு மட்டும்தான். பல்லும் பயமும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. மீசை வைத்த நவநீதன் இப்போதும் தவளையைப் பார்த்தால் கட்டிலில் ஏறிக்கொள்கிறான்.

இடையில் போன வருசங்கள் எங்கே போயின என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவை மடிப்புக்குள்ளேயே இருக்கின்றன என்று யாரோ சொல்ல, முகிலனின் அம்மா ஒரு மத்தியானம் அவனுடைய பழைய டவுசரைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் பஞ்சுத் தூசி இருந்தது. அவள் அதை ஊதிவிட்டுத் துணியை மடித்து வைத்தாள்.

பிறகுதான் ஊர் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. வங்கித் தெருக்காரர்கள் விருதுநகரிலிருந்து தையல்காரரை வரவழைத்து, அக்குள் முதல் கணுக்கால்வரை அளவெடுத்து, நூல் பிசகாமல் தைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தந்த வயசில் அந்தந்த உயரத்தில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "எத்தனாங் கிளாஸ்?" என்று கேட்பவர், இப்போது குரலைத் தணித்து, "எத்தனை வயசுக்கு?" என்று கேட்டார். தாய்மார்களும் குரலைத் தணித்தே பதில் சொன்னார்கள். லாரியில் மூட்டை ஏற்ற ஒரு பையன் வேண்டியிருந்த வீட்டில் ஒரு பையன் வளர்ந்தான், மாப்பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்றிருந்த வீட்டில் ஒரு பெண் வளர்ந்தாள். அவர்களை யாரும் திட்டவில்லை. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வருசம் குயிலி ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். பழைய சாக்குச் சீருடைக்குள் அவள் இரண்டு வருசத்தில் மெல்ல மெல்ல, மற்றப் பிள்ளைகள் ஒரு காலத்தில் வளர்ந்ததுபோல, தானாக வளர்ந்து முடித்துவிட்டாள். பதினொரு வயசு. புதிதாக எடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது மில்லின் லைன்வீடு, மில்லின் பின்சுவரை ஒட்டிய ஓட்டு வீடு. அதற்கு ஒரே நிபந்தனைதான்: வீட்டுக்கு ஒரு பெண் வைண்டிங்கில், நூல் சுற்றும் இடத்தில், ஷிப்டுக்கு நிற்க வேண்டும். அப்பா இறந்த பிறகு இத்தனை வருசமும் என் அம்மா ராக்கம்மாள் நின்றாள். இப்போது அவள் நெஞ்சுக்குள் பஞ்சு போய்விட்டது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இருமினால் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆள் நிற்காத வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் தருவார்கள்.

நான் போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "ஏம்மா அம்சவேணி, டிகிரி படிச்ச பிள்ளைய நான் பாபின்ல நிறுத்த முடியுமா? நாலு நாள்ல லேபர் ஆபீசுக்கு மனு எழுதிருவே" என்றார். படிக்கவே இல்லை என்று சொல்லிச் சேரவும் வழியில்லை. லைனிலிருந்து முதலில் டிகிரி வாங்கியவள் என்று மில்லில் எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, கேட் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அரசு வேலைக்கு நான் எழுதிய பரீட்சைகளின் முடிவுகள் ஒன்றும் வரவில்லை. வரும் என்று தினமும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் தினமும் தலையாட்டினாள். வைண்டிங்கில் ஆண்களை எடுப்பதில்லை என்பதால் நவநீதனின் மீசையாலும் பயனில்லை.

மீதி இருந்தது குயிலி. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு, "வாங்க, கடைக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடை வாசலில் தங்கப்பழம் நின்றிருந்தார். மில்லுகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர். மே மாதம் முழுக்க அவருக்கு அங்கேதான் வேலை. ரோஸ்மில்க் குடித்துக்கொண்டே, போகிற வருகிற சிறுமிகளின் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வாங்க தாயி" என்றார் அண்ணாச்சி. "பெரியவளுக்கு இனிமே யூனிஃபார்ம் கெடையாது. எனக்கு ஒரு கிராக்கி நட்டம்."

"எனக்கு இருக்கிற அளவுக்கே குடுங்க அண்ணாச்சி" என்றான் நவநீதன். "இதுக்கு மேல வளந்தா டவுன்பஸ்ல தலை இடிக்கும்."

"வளரட்டும் அண்ணாச்சி, தவளைக்குப் பயந்து கட்டில்ல ஏற வேண்டாம், நின்ன எடத்துலயே தப்பிச்சுக்கிடுவான்" என்றாள் குயிலி.

அவன் அவள் தலையில் குட்டினான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அவனுக்குப் பேண்டும் சட்டையும் எடுத்துப் போட்டார். காம்பஸ் பெட்டி, நோட்டு உறை போடும் பழுப்புத் தாள், குயிலிக்கு ஒரு தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. குயிலி பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசைமேல் குனிந்து, "சின்னவளுக்கு எத்தனை வயசுக்கு?" என்று கேட்டார்.

வாசலிலிருந்து தங்கப்பழம்தான் பதில் சொன்னார்: "பதினெட்டுக்கு எடுங்கக்கா. வலியே இருக்காது. ஒரு காலையில முடிஞ்சிரும். மறுநாளே நான் கூட்டிட்டுப் போயி நிறுத்திருறேன், வீடும் இருக்கும், நீங்களும் படுத்து எந்திரிக்கலாம்."

"அவ படிக்கணும்" என்றேன்.

"அதான் நீ படிச்சிருக்கியே தாயி" என்றார் அவர், கோபமே இல்லாமல். "வீட்டுக்கு ஒரு போட்டோ போதாதா?"

அண்ணாச்சி மேல்தட்டிலிருந்து பெரிய பெண்பிள்ளைகளுக்கான சீருடை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா அதை எடுத்துக் குயிலியின் தோளில் வைத்துப் பார்த்தாள். துணி அவள் கால்களைத் தாண்டித் தரையில் மடிந்து கிடந்தது, கைகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு காலி முழுக்கைகள் தொங்கின. குயிலி அசையாமல் நின்றாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் துணிக்கு வெளியே பிடித்திருந்தாள். அம்மாவுக்கு இருமல் வந்தது, அவள் துணியில் எச்சில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளால் சுவரில் சாய்ந்து, நெடுநேரம் இருமினாள். இருமி முடித்தபோது அவள் கண்கள் நனைந்திருந்தன, அது இருமலால் வந்ததாகவும் இருக்கலாம்.

"அண்ணாச்சி" என்றாள். "மடிப்பு வேண்டாம். அவ உடம்புக்கு அளவெடுங்க."

"யக்கா, யோசிச்சு..." என்றார் தங்கப்பழம்.

"யோசிச்சாச்சு. நான் நின்னுக்கிறேன்."

அண்ணாச்சிக்கு இஞ்சு டேப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடித் தேடி, கடைசியில் துணிக்கட்டு ஒன்றை அதனால் கட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். இடுப்பைச் சுற்றி அளந்தபோது குயிலிக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது, வளைந்து நெளிந்து சிரித்தாள். எங்கள் வீட்டில் அளவெடுத்துச் சீருடை வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஷூவும் பஞ்சு வைக்காத ஷூ.

திரும்பி வரும்போது பைபாஸைக் கடக்க வேண்டும். கடக்கும்போதெல்லாம் குயிலி என் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொள்வாள், கையைக் கொடுத்தாலும் கையைப் பிடிக்க மாட்டாள், சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும்தான் வேண்டும். அம்மா பின்னால் நவநீதனின் தோளைப் பிடித்து நின்று நின்று வந்தாள்.

"அக்கா, அம்மா நின்னா செத்துப் போயிருவாளா?"

"இல்ல."

"நிக்காட்டி வீடு போயிருமா?"

"எனக்கு வேலை வந்துரும்."

அவள் கடவாயில் ஆடிக்கொண்டிருந்த கடைசிப் பால் பல்லை நாக்கால் தள்ளியபடி யோசித்தாள். "எப்ப?" என்று கேட்டாள். லாரி வந்தது, நான் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மில்லில் வைண்டிங்காரர்களுக்கு வருசத்துக்கு ஒரு நீலக் கோட்டு கொடுப்பார்கள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற முழுக்கைக் கோட்டு. பள்ளி திறப்பதற்கு முந்திய நாள் அம்மா அதை வாங்கி வந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அளவுக்கே அவர்கள் இப்போதும் தைக்கிறார்கள். போட்டுப் பார்த்தபோது அம்மா அதற்குள் எங்கேயோ இருந்தாள். "ஓரத்தை மடிச்சு அடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்கு, நானா வளரப் போறேன்?" என்று சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒரே கொக்கியில் கோட்டையும் குயிலியின் சீருடையையும் மாட்டி வைத்தாள். வெள்ளைச் சட்டை, அரக்குப் பாவாடை, எல்லாம் கச்சிதமாக, மடிப்பில்லாமல். குயிலி படுக்கப் போகுமுன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். எதைத் தொட்டாள் என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

காலையில் மில்லின் முதல் சங்கு ஊதியபோது கண் விழித்தேன். கதவு திறந்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தோள்கள் நிறைந்து, முதுகு நிமிர்ந்து, நான் பிறப்பதற்கு முந்திய கல்யாணப் படத்தில் இருக்கிற அம்மா. எனக்கு ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. பிறகு பாயில், என் பக்கத்தில், அம்மா சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தேன்.

வாசலில் நின்றவள் திரும்பினாள். நாக்கால் கடவாய்ப் பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கழட்டு" என்றேன்.

"கழட்டுனா சின்னதாயிருவேனா?" என்று கேட்டாள் குயிலி. குரல் தாழ்ந்து, கனமாக இருந்தது, அதைக் கேட்டு அவளே கொஞ்சம் பயந்துபோய் மெதுவாகப் பேசினாள். "சத்தம் போடாத. அம்மா இப்பத்தான் இருமி முடிச்சுத் தூங்குறா. அக்கா, அங்க லெட்ரின் எங்க இருக்கும்? கேக்காமப் போலாமா, கேட்டுட்டுத்தான் போகணுமா?"

நான் அவளுக்குக் கோட்டின் உள்ளே போட அம்மாவின் சேலையைக் கட்டிவிட்டேன். அவளுக்குக் கட்டத் தெரியாது. தலையை ஒற்றைச் சடையாகப் பின்னிக் கொண்டை போட்டுவிட்டேன். அவள் பழக்கத்தில் குனிந்தாள், இப்போது நான்தான் எட்டிப் பின்ன வேண்டியிருந்தது. அம்மாவின் செருப்பு சரியாக இருந்தது. புது ஷூவை அவள் கொக்கிக்குக் கீழே ஜோடியாக நேர்படுத்தி வைத்துவிட்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மில் கேட்டுக்குப் பைபாஸைச் சுற்றித்தான் போக வேண்டும். சாலையோரத்தில் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் வழக்கம்போல என் இரண்டு விரல்களைத் தேடினாள். பிடித்தபோது அவள் கைக்குள் என் கை முழுதும் மறைந்துபோயிற்று. கடந்து முடித்த பிறகும் அவள் விடவில்லை.

கேட் ஆபீஸ் சுவரில் நான் மாலை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் கோட்டைப் பார்த்தார், கோட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார், கடைசியில் முகத்தையும் பார்த்தார். "ராக்கம்மா வீடா? சரி, போ, நேரமாச்சு" என்று கதவைக் கொஞ்சம் நகர்த்தினார். லைனிலிருந்து வந்த மற்றப் பெண்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி அவள் கொண்டையில் நழுவியிருந்த ஊசியைச் சரிசெய்துவிட்டு, அவளைத் தன் முன்னால் விட்டுக்கொண்டாள்.

உள்ளே போனவள் திரும்பி ஓடி வந்தாள். அத்தனை பெரிய உடம்பில் பதினொரு வயசு ஓட்டம் ஓடி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாயங்காலம் நீதான் கூப்பிட வரணும், நவநீதனை அனுப்பாத" என்றாள்.

"வாரேன்."

"லேட்டா வராத."

"வர மாட்டேன்."

திரும்பி வரும்போது தெருவில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். புதுத் துணி வாசனை. எந்தெந்த வீட்டில் யார் யார் வளர்ந்திருக்கிறார்கள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா எழுந்திருந்தாள். தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, சுவரைப் பிடித்தபடி கதவுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்சா, என் கோட்டைப் பாத்தியா? இங்கதான மாட்டினேன்" என்றாள். "சங்கு ஊதிட்டான். நீ போயிச் சின்னவளை எழுப்பி விடு, முத நாளே லேட்டாப் போகக் கூடாது."